வன்முறை கலந்த ஆபாசப் படம் பார்க்கும் இளைஞர்கள் பாலியல் தாக்குதலில் இறங்குவார்களா?

இதை நீங்கள் சும்மா கேட்டிருக்க மாட்டீர்கள். வேண்டியவர் போனில் எதையோ பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள்.

பார்க்கிற எல்லோரும் இறங்குவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், ‘பத்து வருஷமாகப் பார்க்கிறேன், ஒரு எறும்பைக்கூட மிதித்ததில்லை’ என்று நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

அப்போது எனக்கு 23 வயது. ஒரு பெண்ணுடன் ஒன்றரை வருடப் பழக்கம். ஒருநாள் நெருக்கமாக இருந்தபோது அவள் கழுத்தைப் பிடித்து அழுத்தினேன். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. கோபம் இல்லை, வலிக்கச் செய்யும் எண்ணமும் இல்லை. நான் பார்த்த படங்களில் அது முத்தம் மாதிரி சாதாரணமாக வந்துபோகும், அவ்வளவுதான். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அசையவும் இல்லை. பிடித்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, “செத்துடுவேன்னு நினைச்சேன்” என்றாள். “அப்ப ஏன் தள்ளிவிடல?” என்று கேட்டேன். கேட்டேன் பாருங்கள்! “கை வரல” என்றாள். அதன்பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

கை வராது என்பது எனக்குப் புரிய வருடங்கள் ஆயின. பாலியல் வன்முறைக்கு ஆளாகி ஸ்டாக்ஹோமில் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 70 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் உடல் அசைக்க முடியாமல் உறைந்துபோயிருக்கிறது. படத்திலோ கதை வேறு. நன்றாக விற்ற ஆபாசப் படங்களின் 304 காட்சிகளை அமெரிக்காவில் அலசி 2010-இல் வெளியிட்டார்கள். சுமார் 88 சதவீதக் காட்சிகளில் அடி, கழுத்தை நெரித்தல் போன்ற ஏதாவது ஒன்று இருந்தது. அடி வாங்குபவர் பெரும்பாலும் பெண். அவர் ரசிப்பதாகவோ ஒன்றுமே நடக்காத மாதிரியோதான் காட்டியிருந்தார்கள். நான் கற்றுக்கொண்ட பாடம் அதுதான்: சும்மா இருந்தால் சம்மதம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 7 நாடுகளின் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பு, ஆபாசப் படம் பார்ப்பதற்கும் பாலியல் அத்துமீறலுக்கும் தொடர்பு இருக்கிறது என்றது. வன்முறைக் காட்சிகள் அதை மோசமாக்கக்கூடும் என்றும் சொன்னது. கிறிஸ்டோஃபர் ஃபெர்குசன் போன்ற உளவியலாளர்கள் இந்த ஆதாரமெல்லாம் பலவீனம் என்கிறார்கள். நீல் மாலமுத் என்ற இன்னொரு உளவியலாளரின் ஆய்வுகளோ, ஏற்கெனவே பெண்கள்மீது வெறுப்பு உள்ள ஆண்களிடம்தான் இது பெரிதாக வேலை செய்கிறது என்கின்றன. எனக்கு வெறுப்பு இருந்ததா? இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் என் பேச்சை எதற்கு நம்ப வேண்டும்?

    

படத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். இல்லை. அதே படத்தைப் பார்த்த எத்தனையோ பேர் கேட்டுவிட்டுத்தான் தொட்டிருப்பார்கள். அழுத்தியது என் கை. கேட்டிருந்தாலும் ஆபத்து போயிருக்காது; கழுத்து நாளங்களை அழுத்தினால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பலாம், அதில் பத்திரமான அழுத்தம் என்று எதுவும் கிடையாது. சம்மதமில்லாமல் கழுத்தை நெரிப்பதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டது.

பெயரை மறைத்து எழுதுகிறானே, கோழை என்பீர்கள். என் பெயர் தெரிந்தால் அவள் யார் என்பதும் எங்கள் நண்பர்களுக்குத் தெரிந்துவிடும்.