ஈரப்பொடி என்றால் கெட்டுப்போன பொடி அல்ல

கேள்வி: எனக்கு வயது 68. நாற்பது ஆண்டுகளாகப் பட்டணம் பொடி போடுகிறேன். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது நான்கு வகை மூக்குப்பொடி வாங்கி வந்தான். ஒன்று ஈரத் தேயிலைத் தூள் போலக் கறுப்பாக இருக்கிறது. ஒன்றைத் திறந்தாலே தைல நெடி. எதிலும் காரமே இல்லை. மகனை ஏமாற்றிவிட்டார்களா, இல்லை வழியில் கெட்டுவிட்டதா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: ஏமாற்றவும் இல்லை, கெடவும் இல்லை. பட்டணம் பொடிக்குப் பழகிய மூக்கு அதே காரத்தை எல்லாப் பொடியிலும் தேடுகிறது. அந்தக் காரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற பொடிகளும் உங்களுக்குப் பிடிபடும்.

நம் ஊர்ப் பொடி, புகையிலையை நன்றாகக் காயவைத்து மாவாக இடித்து, சுண்ணாம்பும் நெய்யும் சேர்த்துச் செய்வது. சுண்ணாம்பு காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, உடையது. அது சேர்ந்தால் நிகோடின் விடுபட்டு நாசிச் சவ்வின் வழியே வேகமாக உடலில் ஏறும். அதனால்தான் கடுகளவு போட்டாலும் சுரீரென்று ஏறிக் கண்ணில் நீர் வருகிறது. நெய் தூசியை அடக்கி மணத்தைப் பிடித்து வைக்கிறது.

ஆங்கிலேயர்களும் கார உப்பு சேர்ப்பவர்கள்தான். ஆனால் அவர்கள் பொடியை ஈரமாக்கி, ஊறவிட்டுப் பக்குவப்படுத்துவதில் அதிக அக்கறை காட்டுகிறார்கள். அவர்களுடைய வகைகளை ஈரத்தை வைத்தும் அரைப்பை வைத்தும் பிரித்துப் பாருங்கள். மிக உலர்ந்து மாவாக இருப்பது டோஸ்ட். நம் பொடிக்கு நெருக்கமானது அதுதான். நடுத்தர ஈரத்தில் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் மணத்தோடு வருவது எஸ்.பி. கரகரப்பாகவும் கறுப்பாகவும் ஈரமாகவும் இருப்பது ரப்பி. உங்களுடைய தேயிலைத் தூள் இந்த ரப்பியாகத்தான் இருக்க வேண்டும். பிரெஞ்சு மொழியில் துருவுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஒரு காலத்தில் அங்கே புகையிலையைக் காரட் கிழங்கு வடிவத்தில் இறுக்கிக் கட்டி விற்றார்கள். வாங்கியவர் சிறிய துருவியில் தானே துருவிப் போட்டுக்கொண்டார். அந்தக் கரகரப்பு இன்றும் அந்த வகையில் நிற்கிறது.

தைல நெடி அடிப்பதில் மெந்தால் இருக்கும். 1926 முதல் லெஸ்டர் நகரில் பொடி செய்துவரும் மெக்கிறிஸ்டல்ஸ் நிறுவனத்தின் பெயர்பெற்ற வகை அப்படிப்பட்டது. சளி பிடித்த மூக்குக்கு இதமாகத் தெரியும் என்பதால் பலரும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். என் கணிப்பில் அதைக் கடைசியாகத் திறப்பதே சரி. மெந்தால் ஏறிய மூக்கில் வெகுநேரத்துக்கு வேறு எந்த மணமும் நிற்காது.

இனி போடும் முறை. நாம் ஒரு சிட்டிகையை எடுத்து ஒரே இழுப்பில் சர்ரென்று இழுத்துப் பழகியவர்கள். டோஸ்டை அப்படி இழுத்தால் தொண்டைக்குள் போய்க் கமறும். பாதிச் சிட்டிகை எடுத்து, பூவை முகர்வது போல மெல்ல இழுத்தால் போதும். ரப்பி கனமான பொடி. அதைச் சற்று வலுவாக இழுக்கலாம், நாசியின் முன்பக்கத்திலேயே தங்கிவிடும். உடனே எதுவும் தெரியவில்லையே என்று இரண்டாவது சிட்டிகைக்குக் கையை நீட்டாதீர்கள். அதன் மணம் ஒரு நிமிடம் கழித்துத்தான் விரியும். வைக்கோல், பழைய தோல், அத்திப்பழம் என்று ஒவ்வொன்றாக எழும். அவசரப்பட்டவருக்கு வெறும் ஈரப்பொடிதான் மிஞ்சும்.

நான்கையும் ஒரே நாளில் போட்டுப் பார்க்க வேண்டாம். நாளுக்கு ஒன்று, அதுவும் வழக்கமான பட்டணம் பொடியைத் தொடுவதற்கு முன் காலையில் போட்டுப் பாருங்கள். மகன் அடுத்த முறை வரும்போது கெண்டல் பிரவுன் என்று கேட்டு வாங்கி வரச் சொல்லலாம். கெண்டல் இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள சிறு நகரம். அங்கே சாமுவேல் காவித் நிறுவனம் 1792-லேயே பொடித் தொழிலில் இறங்கியது. கெண்டல் பிரவுனில் புகையிலையின் சொந்த மணமே முன்னிற்கும். ஒரு நாட்டின் பொடியை அறிய வாசனை ஏற்றாத பொடியே நல்ல தொடக்கம்.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் மருமகன் அடுத்த மாதம் வருகிறார். பவேரியாவில் நெய்ப்பொடி கிடைக்கும் என்கிறாரே, உண்மையா? எவ்வளவு கொண்டுவரலாம்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஷ்மால்ட்ஸ்லர் என்ற வகையைத்தான் சொல்கிறார். பிரேசில் புகையிலையை நன்றாகப் புளிக்கவைத்து அரைத்து, கொழுப்பு சேர்த்துச் செய்வார்கள். ஷ்மால்ட்ஸ் என்றால் உருக்கிய கொழுப்பு. முன்பு உருக்கிய வெண்ணெயும் சேர்த்திருக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் பாரஃபின் எண்ணெய்தான். இவ்வளவு தொலைவில் உள்ள இரு ஊர்க்காரர்களும் புகையிலைத் தூளை அடக்க நெய்யைத் தேடிப் போயிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. கறுத்த பொடி, உலர்பழ மணம், குறைந்த காரம். பட்டணம் பொடிக்காரருக்கு ரப்பியைவிட இது விரைவில் பிடிக்கும். புறங்கையில் கொட்டி இழுப்பது அங்கே வழக்கம்.

லேண்ட்ஸ்ஹூட் பகுதியில் 1902-ல் தோன்றிய பெஷ்ல் நிறுவனம் இந்த வகையையும் செய்கிறது. ஆனால் கடைகளில் முன்வரிசையில் நிற்பது அதே நிறுவனத்தின் கிளெட்ஷர்பிரீஸ். அது மெந்தால் பொடி. மருமகன் கைமறதியாக அதை எடுத்துவிடாமல் ஷ்மால்ட்ஸ்லர் என்ற பெயரை எழுதிக் கொடுங்கள்.

பயணியின் சுங்கச் சலுகை புகையிலைக்கு 125 கிராம். டப்பிகள் பெரும்பாலும் 10 கிராம் அளவில் வருவதால் ஐந்தாறு கொண்டுவருவதில் சிக்கல் இல்லை. அதற்கு மேல் வாங்கிக் குவிப்பது வீண். தீர்வதற்குள் மணம் போய்விடும்.

கேள்வி: 26 வயது மகன் சிகரெட்டை விட்டுவிட்டு மூக்குப்பொடிக்கு மாறுகிறேன் என்கிறான். புகை இல்லையே, நல்லதுதானே? நல்ல வகை ஒன்று சொல்லுங்கள். (மதுரை வாசகி)

பதில்: சொல்ல மாட்டேன் அம்மா. நுரையீரலுக்குள் புகை போகாது என்பது உண்மை. ஆனால் நிகோடின் அதே நிகோடின், அடிமைத்தனமும் அதே அடிமைத்தனம். புகையில்லாப் புகையிலையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நாற்பது ஆண்டுப் பழக்கம் உள்ளவருக்கு நான் வகை சொல்கிறேன். புதிதாக ஒருவரையும் இதற்குள் அழைக்க மாட்டேன். சிகரெட்டை விட நினைக்கும் பிள்ளை பாதி வழி வந்துவிட்டான். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் புகையிலையை விடுவதற்கு ஆலோசனை தருகிறார்கள். இன்றே பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கும் பொடி சில முறை மணமின்றிக் கட்டியாக இருக்கிறது. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? காய்ந்த பொடியை மீட்க முடியுமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: என் சிறு வயதில் கடைக்காரர் பெரிய ஜாடியிலிருந்து பொடியை எடுத்து, காய்ந்த வாழைப்பட்டையில் மடித்துக் கொடுப்பார். பொடிமட்டை என்போம். அன்றன்று தேவைக்கு வாங்கியதால் பழைய பொடி என்ற பேச்சே எழவில்லை. டப்பி வந்தபிறகுதான் எப்போது அடைத்தது என்ற கேள்வி வந்தது.

தயாரித்த மாதமும் ஆண்டும், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் முகவரி, புகார் எண் ஆகியவை டப்பியில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். இவை இல்லாத டப்பியைத் தொடாதீர்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாரிடம் போய்க் கேட்பீர்கள்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில், அச்சிட்ட தேதியின் மேல் விலைச் சீட்டு ஒட்டிய டப்பியை என் தலையில் கட்டினார்கள். சீட்டை உரித்துப் பார்த்தால் மூன்று ஆண்டுப் பழசு. ரசீது இல்லாததால் வாதாட முடியாமல் மனம் நொந்து திரும்பினேன். அன்று முதல் பத்து ரூபாய்ப் பொருளானாலும் ரசீது கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

ஈரப்பொடி காய்ந்திருந்தால் மீட்கலாம். அதன்மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். இறுக மூடும் கண்ணாடிக் குப்பியில் பொடியைப் போட்டு, நனைத்துப் பிழிந்த பஞ்சைப் பொடியில் படாமல் மூடியின் உட்புறம் ஒட்டி, ஓர் இரவு வையுங்கள். காலையில் பஞ்சை எடுத்துவிட வேண்டும். பட்டணம் பொடிக்கு இது கூடாது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கினால் கட்டிதட்டிவிடும். அதைப் பெருங்காயமும் கற்பூரமும் இல்லாத அலமாரியில் உலர வைத்தாலே போதும். வெள்ளையாகப் பூத்திருந்தாலோ, ஊறிய துணி போல வாடை அடித்தாலோ, எந்த நாட்டுப் பொடியானாலும் குப்பையில் கொட்டிவிடுங்கள்.