ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள்

பைக் டயர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 32 வருடமாக டயர் கழற்றி மாட்டும் மெக்கானிக் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: அண்ணா, என் பைக்கின் பின் டயர் ஒரே மாதத்தில் மூன்று முறை பஞ்சர். டியூப் டயர்தான். இரண்டு முறை ஒட்டுப் போட்டேன். மூன்றாம் முறை டியூபையே மாற்றினேன். புது டியூபும் எட்டாம் நாள் காற்று இறங்கிவிட்டது. டியூப் தரம் சரியில்லையா?

பதில்: டியூப் மேல் பழி போடாதீர்கள் தம்பி. குத்தியது இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் வேலை பழகிய காலத்தில் ஒரு வாத்தியாரின் வண்டிக்கு ஒரே வாரத்தில் இரண்டு ஒட்டுப் போட்டேன். மூன்றாம் தடவை அவர் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. என் ஆசான் திட்டவில்லை. ஒரு பழைய பனியன் துணியைக் கையில் கொடுத்து, டயரின் உள்பக்கத்தைச் சுற்றித் துடைக்கச் சொன்னார். பாதிச் சுற்றில் துணி மாட்டி நூல் இழுத்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் மயிரிழை மாதிரி ஒரு கம்பித் துண்டு. வெளியே அதன் தடமே இல்லை. ஆள் உட்கார்ந்து டயர் அமுங்கும்போது மட்டும் மெல்ல எட்டிக் குத்தியிருக்கிறது. குறடால் பிடுங்கி எடுத்தேன். அன்றிலிருந்து துணியால் துடைக்காமல் நான் டயரை மூடியதில்லை. வெறும் விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும்.

தேட ஒரு சுலபமான வழி உண்டு. டயரைக் கழற்றும் முன் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். டியூபில் ஓட்டை எங்கே என்று தண்ணீரில் முக்கிப் பார்த்த பின், டியூபை அதே வாக்கில் டயர்மேல் வைத்தால் குத்திய இடம் தானே தெரிந்துவிடும்.

ஓட்டையின் இடமே பாதிக் கதையைச் சொல்லும். டயர் பக்கம் இருந்தால் ஆணி, கம்பி, கண்ணாடி. ரிம் பக்கம் இருந்தால் ஸ்போக் முனை குத்துகிறது. ரிம்மின் மேல் போடும் ரப்பர் பட்டை நகர்ந்திருக்கிறதா, கிழிந்திருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி இருந்தால், லீவர் போட்டு மாட்டும்போது டியூப் நசுங்கியிருக்கும், அல்லது காற்றுக் குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருப்பீர்கள். வால்வு அடியில் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது, டியூபை மாற்றத்தான் வேண்டும். காற்றுக் குறைவாக ஓட்டினால் டியூப் ரிம்மின் மேல் வழுக்கி வால்வைச் சாய்த்து இழுக்கும், அதனால் வருவது இது.

ஒட்டுப் போடும்போது அவசரம் கூடாது. தேய்த்துச் சொரசொரப்பாக்கிய இடத்தில் சொல்யூஷன் தடவியதும் பேட்சை அமுக்கிவிடுகிறார்கள். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும். அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். அதுவரை காத்திருந்து ஒட்டினால்தான் பிடிப்பு.

கேள்வி: என்னுடையது டியூப்லெஸ் டயர். ஆணி ஒன்று ஏறியிருக்கிறது, ஆனால் காற்று முழுதாக இறங்கவில்லை. பிடுங்கிவிட்டு ஓட்டலாமா? வெளியிலிருந்து ஓட்டையில் ரப்பர் திரி சொருகினால் போதும் என்கிறார்களே?

பதில்: பிடுங்காதீர்கள் அம்மா. இப்போது காற்றை அடைத்துக்கொண்டிருப்பதே அந்த ஆணிதான். காற்று எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். குறைந்திருந்தால் ஏற்றிக்கொண்டு, பின்னால் ஆளை ஏற்றாமல், மெதுவாகக் கடை வரை போகலாம். போகும்போது வண்டி திடீரென்று ஆட ஆரம்பித்தால் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடாதீர்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து ஆக்சிலேட்டரை விடுங்கள். காற்றுப் போன சக்கரத்தின் பிரேக்கைத் தொடாமல் மற்றதை மெல்லப் பிடித்து ஓரம் கட்டுங்கள்.

வெளியிலிருந்து சொருகும் திரி வீடு சேர்க்கும். அதோடு விட்டுவிட எனக்கு மனசு வராது. டயரைக் கழற்றி, காளான் வடிவ ரப்பரை உள்ளிருந்து இழுத்து, அதன் தொப்பி உள்சுவரில் ஒட்டும்படி வைப்பதுதான் முறையான வேலை. கழற்றினால்தான் இன்னொன்றும் தெரியும்: காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் உள்ளே கறுப்பு ரப்பர் தூள் உதிர்ந்து கிடக்கும். பக்கச் சுவர் உள்ளுக்குள் நைந்துபோய்விட்டது என்று அர்த்தம். வெளியே பளபளவென்று இருந்தாலும் அந்த டயரை நான் திரும்ப மாட்டிக் கொடுக்க மாட்டேன்.

தரையில் படும் பகுதியில், 6 மி.மீ.க்கு மேற்படாத ஓட்டைக்குத்தான் இதெல்லாம். ஓரத்திலும் பக்கச் சுவரிலும் குத்தியிருந்தால் டயரையே மாற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரியும் இடம் அது. வால்வு வழியாக ஊற்றும் பஞ்சர் திரவம் போட்டிருந்தால், கழற்றும் முன் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டு ஓட்டலாமா?

பதில்: ஸ்போக் துளை வழியாகக் காற்றுப் போகும் ரிம் என்றால், வண்டிக் கம்பெனி அனுமதிக்கும் அளவில் போடலாம். நல்ல டியூப்லெஸ் ரிம்மில் ஓட்டையை மறைக்கப் போடாதீர்கள். டியூப் குத்தினால் காற்று ஒரே மூச்சில் போய்விடும்.

கேள்வி: பின் டயர் தேய்ந்துவிட்டது. இப்போது 100/90-17 இருக்கிறது. அகலமாகப் போட்டால் வண்டி கெத்தாக இருக்கும் என்கிறான் நண்பன். என்ன வாங்கலாம்?

பதில்: அதே அளவையே வாங்குங்கள் தம்பி. 100 என்பது மில்லிமீட்டரில் அகலம். 90 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. ஆக உயரம் 90 மி.மீ. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்முக்கு மீறிய அகலத்தில் போட்டால் டயரின் ஓரங்கள் உள்ளே இழுக்கப்பட்டு முதுகு கூர்ந்துவிடும். வளைவில் வண்டி சாயும் விதமே மாறும். செயினில் உரசும் ஆபத்தும் உண்டு.

அதன் பின்னால் 55P என்று இருக்கலாம். 55 என்றால் அந்த டயர் தாங்கும் பாரம் 218 கிலோ, P என்றால் மணிக்கு 150 கி.மீ. வேகம். இந்த இரண்டும் உங்கள் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. ரேடியல், பயாஸ் என்பவை டயருக்குள் இழைகள் ஓடும் இரண்டு விதம். முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்று இஷ்டத்துக்குக் கலக்காதீர்கள். டியூப் டயர் என்றால் டியூபையும் புதிதாகப் போடுங்கள். நீண்டுபோன பழைய டியூப் புது டயருக்குள் மடிந்து, மடிப்பிலேயே வெடிக்கும்.

பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. கடையிலேயே குனிந்து படித்துவிட்டு வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மாட்டும்போது அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்றும், ரிம் விளிம்பை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரிடத்தில் கோடு உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை, காற்றை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். புது ரப்பர் வழுக்கும், ஆகவே முதல் 150 கி.மீ. வரை வளைவில் சாய்க்காமல் ஓட்டுங்கள். மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை காற்றுப் பாருங்கள்.