ஸ்கிரிப்டில் சுரங்களைச் சேமிப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் 3-க்கு ஒரு பிளகின் (துணை நிரல்) எழுதுகிறேன். மேளகர்த்தா எண்ணைக் கொடுத்தால் ஆரோகணத்தை ஸ்டாஃபில் (ஐந்து கோட்டில்) எழுதித் தர வேண்டும். சுரங்களை மிடி எண்களாக வைத்திருக்கிறேன். சங்கராபரணம், கல்யாணி, தோடி எல்லாம் சரியாக வருகின்றன. கனகாங்கியில் மட்டும் ரிஷபமும் காந்தாரமும் ஸ்டாஃபில் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. ஏன்?
– இசை ஆசிரியர், திருச்சி

பதில்: கீபோர்டில் எந்தக் கட்டை என்பதை மட்டுமே மிடி எண் சொல்லும். அந்தக் கட்டைக்கு இந்த இடத்தில் என்ன பெயர் என்பது அதில் இல்லை. ‘சி’யை ஷட்ஜமாக வைத்தால் சதுச்ருதி ரிஷபமும் 62, சுத்த காந்தாரமும் 62. நம் முறையில் 12 சுரஸ்தானங்களுக்கு 16 பெயர்கள் உண்டு. எண்ணை மட்டும் சேமித்தால் அந்த நான்கு கூடுதல் பெயர்களும் தொலைந்துபோகும்.

நீங்கள் சோதித்த ராகங்களில் தவறு தெரியாததற்கும் காரணம் இருக்கிறது. 72 மேளங்களில் விவாதி சுரம் (அந்தக் கூடுதல் பெயர்களில் வருவது) இல்லாத 32-க்கு ‘61 என்றால் டி ஃபிளாட், 63 என்றால் ஈ ஃபிளாட், 66 என்றால் எஃப் ஷார்ப்’ என்ற நிலையான அட்டவணையே போதும். மீதி 40 விவாதி மேளங்களில்தான் அது உடையும். எனவே கனகாங்கியையும் (1) சலநாட்டையையும் (36) வைத்துச் சோதியுங்கள். இந்த இரண்டும் சரியாக வந்தால் மற்றவை வந்துவிடும்.

மியூஸ்ஸ்கோர் ஒவ்வொரு நோட்டுக்கும் மிடி எண்ணோடு ‘டிபிசி’ என்ற இன்னொரு எண்ணையும் வைத்திருக்கிறது. பெயரைச் சொல்வது அதுதான். பஞ்சமம் பஞ்சமமாக ஏறும் வரிசை அது: எஃப் 13, சி 14, ஜி 15, டி 16, ஏ 17, ஈ 18, பி 19. ஒரு ஷார்ப் சேர்த்தால் 7 கூட்டுங்கள். ஒரு ஃபிளாட்டுக்கு 7 கழியுங்கள். எஃப் டபுள் ஃபிளாட்டான -1-இல் தொடங்கி பி டபுள் ஷார்ப்பான 33 வரை செல்லும்.

இந்தக் கணக்கில் கனகாங்கி 14, 9, 4, 13, 15, 10, 5. சலநாட்டை 14, 23, 18, 13, 15, 24, 19. இந்த எண்களைத்தான் பிளகினில் சேமிக்க வேண்டும். மிடி எண்ணை இதிலிருந்தே பெறலாம்: டிபிசியில் 14 கழித்து, 7-ஆல் பெருக்கி, 12-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். சுத்த காந்தாரத்துக்கு 4 – 14 = -10; 7-ஆல் பெருக்கினால் -70; மீதி 2. மத்திய ஸ்தாயி ‘சி’யின் 60-ஐக் கூட்டினால் 62.

இங்கே பிளகின் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் காலை வாரும். -70-ஐ 12-ஆல் வகுத்தால் மீதி -10 என்று சொல்லும். 2 என்று சொல்லாது. மீதியோடு 12 கூட்டி, மறுபடி 12-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். இதை விட்டால் டிபிசி 14-க்குக் கீழே உள்ள ‘எஃப்’பும் ஃபிளாட் சுரங்களும் ஒரு ஸ்தாயி கீழே போய் ஒலிக்கும்.

எழுதும் முறையையும் மாற்ற வேண்டும். கர்சரின் (ஸ்கோரில் நோட்டு நோட்டாக நகரும் சுட்டி) ‘ஆட்நோட்’ கட்டளை மிடி எண்ணை மட்டுமே வாங்கிக்கொண்டு, பெயரைத் தானே தேர்ந்தெடுக்கும். முதல் சுற்றில் எல்லா நோட்டுகளையும் எழுதிவிட்டு, இரண்டாம் சுற்றில் தொடக்கத்திலிருந்து வந்து ஒவ்வொன்றுக்கும் டிபிசியைப் பதியுங்கள். பிட்சை மாற்றும் பிளகின்களுக்கும் இதே விதி. ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் தாளில் ஒன்று தெரியும், காதில் வேறொன்று கேட்கும்.

கேள்வி: பாடகருக்கு ஏற்ப கட்டையை (சுருதியை) மாற்ற வேண்டும். சேமித்த எண்களோடு எதைக் கூட்டுவது?
– கீபோர்டு கலைஞர், மதுரை

பதில்: டிபிசியாகச் சேமித்திருந்தால் ஒரே கூட்டல்தான். புதிய ஷட்ஜத்தின் டிபிசியிலிருந்து 14-ஐக் கழித்து, வரும் எண்ணை எல்லாச் சுரங்களோடும் கூட்டுங்கள். 2 கட்டை என்றால் ‘டி’, அதாவது 16. எல்லாவற்றோடும் 2 கூட்ட வேண்டும். 5 கட்டை ‘ஜி’. 1 கூட்டினால் போதும்.

கவனம் தேவைப்படுவது அரைக் கட்டைகளில். 4½ கட்டையை எஃப் ஷார்ப் (20) என்றும் எழுதலாம், ஜி ஃபிளாட் (8) என்றும் எழுதலாம். ஜி ஃபிளாட் எடுத்தால் கனகாங்கியின் காந்தாரம் 4 – 6 = -2 ஆகும். அப்படி ஒரு பெயரே இல்லை; அதற்கு மூன்று ஃபிளாட் வேண்டும். எஃப் ஷார்ப் எடுத்தால் 4 + 6 = 10, அழகாக ஏ ஃபிளாட். சலநாட்டைக்கு இது தலைகீழ்: 6½ கட்டையை ஏ ஷார்ப் (24) என்று வைத்தால் தைவதம் 34 ஆகி எல்லையைத் தாண்டும், பி ஃபிளாட் (12) என்றால் 22. எனவே இரண்டு பெயரையும் கணக்கிட்டு, எல்லாச் சுரங்களும் -1-க்கும் 33-க்கும் இடையே அடங்கும் பெயரை ஸ்கிரிப்டே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டுமே அடங்கினால் டபுள் ஷார்ப், டபுள் ஃபிளாட் குறைவாக வருவதை எடுங்கள். வாசிப்பவர் உங்களைத் திட்டமாட்டார்.

கேள்வி: பி ஷார்ப் வரும் இடத்தில் மட்டும் என் ஸ்கிரிப்ட் ஸ்தாயியைத் தவறாக எழுதுகிறது.
– பொறியியல் மாணவர், கோவை

பதில்: மிடி எண்ணை 12-ஆல் வகுத்து ஒன்று கழித்து ஸ்தாயி எண்ணை எடுக்கிறீர்கள் என்று தெரிகிறது. 60-க்கு 4 வரும். அது ‘சி’ என்றால் சரி. அதே 60 பி ஷார்ப் என்றால், அந்த ‘பி’ 3-ஆம் ஸ்தாயியைச் சேர்ந்தது. ஸ்தாயி எண் எழுத்தைப் பொறுத்தது, ஒலியைப் பொறுத்ததல்ல. வகுப்பதற்கு முன் ஷார்ப், ஃபிளாட்டைக் கழித்துவிடுங்கள்: 60 – 1 = 59; 12-ஆல் வகுக்க 4; ஒன்று கழிக்க 3. சி ஃபிளாட்டுக்கு 59 + 1 = 60; அது 4. எத்தனை ஷார்ப், ஃபிளாட் என்பதும் டிபிசியிலிருந்தே கிடைக்கும். ஒன்று கூட்டி 7-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு, 2 கழியுங்கள்.

கேள்வி: கிளாரினெட் வரியில் நோட்டின் பெயரை வாசித்தால் திரையில் தெரிவதைவிட வேறு பெயர் வருகிறது. பியானோ வரியில் இந்தச் சிக்கல் இல்லை.
– இசையமைப்பு உதவியாளர், சென்னை

பதில்: பி ஃபிளாட் கிளாரினெட்டில் ‘சி’ என்று எழுதியதை வாசித்தால் ‘பி ஃபிளாட்’ ஒலிக்கும். அதனால் மியூஸ்ஸ்கோர் இரண்டு பெயர்களை வைத்திருக்கிறது: ‘டிபிசி1’ ஒலிக்கும் பெயர், ‘டிபிசி2’ எழுதப்படும் பெயர். எண் ஒட்டாத ‘டிபிசி’, ஸ்கோர் ‘கான்சர்ட் பிட்ச்’ (ஒலிக்கும் சுரத்தையே திரையில் காட்டும்) நிலையில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும். ஸ்கிரிப்டில் அதை நம்ப வேண்டாம். டிபிசி1-ஐச் சேமித்து, எழுதும்போது இரண்டையும் பதியுங்கள். பி ஃபிளாட் கிளாரினெட், டிரம்பெட்டுக்கு டிபிசி2 என்பது டிபிசி1-உடன் 2 கூட்டியது. ‘எஃப்’ ஹார்னுக்கு 1. ஈ ஃபிளாட் ஆல்ட்டோ சாக்ஸுக்கு 3. மிடி எண் எப்போதும் ஒலிப்பதையே குறிக்கும். மென்பொருள்களுக்கிடையே ஸ்கோரைப் பரிமாறும் மியூசிக் எக்ஸ்எம்எல் கோப்பு இதற்கு நேர்மாறு: பிரதியில் எழுதப்பட்ட சுரம் ஒரு பக்கம், இடமாற்ற அளவு தனியாக. இரண்டையும் ஒரே அட்டவணையில் கொட்டினால் குழப்பம்தான்.

கேள்வி: மியூசிக் எக்ஸ்எம்எல்-இலிருந்து சுரங்களைப் படித்து லிலிபாண்டின் (எழுத்துக் குறியீட்டிலிருந்து ஸ்கோர் அச்சிடும் மென்பொருள்) ஸ்கீம் மொழியில் கொடுக்கிறேன். எல்லாம் நான்கு ஸ்தாயி மேலே போகின்றன. ஷார்ப்புகள் டபுள் ஷார்ப் ஆகின்றன.
– மென்பொருளாளர், பெங்களூரு

பதில்: இரண்டிலும் சுரத்துக்கு மூன்று பாகங்கள்: எழுத்து, மாற்றம், ஸ்தாயி. அளவுகோல்தான் வேறு. மத்திய ‘சி’யில் தொடங்கும் ஸ்தாயி எக்ஸ்எம்எல்-இல் 4, லிலிபாண்டில் 0, நான்கைக் கழியுங்கள். எக்ஸ்எம்எல் மாற்றத்தை அரைச் சுரங்களில் எண்ணுகிறது, ஷார்ப் 1. லிலிபாண்ட் முழுச் சுரங்களில் எண்ணுகிறது, ஷார்ப் 1/2. அங்கே 1 கொடுத்தால் டபுள் ஷார்ப். தசமமாக்காமல் பின்னமாகவே எழுதுங்கள். எழுத்துகள் ‘சி’ 0-இல் தொடங்கி ‘பி’ 6-இல் முடியும். ‘ஏ’ பூஜ்யமல்ல, 5. சுரம் இயல்பானதாக இருந்தால் எக்ஸ்எம்எல்-இல் மாற்றத்துக்கான குறியே பெரும்பாலும் இருக்காது. இல்லாததை 0 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதோடு இன்னொன்று. லிலிபாண்டில் இடமாற்றும் ஃபங்ஷன் பழைய பிட்சைத் தொடாது, புதியதைத் திருப்பித் தரும். அதை நோட்டில் திரும்பப் பதியாவிட்டால் ஒன்றும் மாறாது, பிழைச் செய்தியும் வராது. ஆனால் நோட்டின் பண்பை நேரடியாக மாற்றும் ஃபங்ஷனுக்கு, மாறியில் சேமித்த இசையை ஹாஷ் குறி போட்டு அனுப்பினால் மூலமே மாறிவிடும். ஒரே பல்லவியை மூன்று முறை அழைத்தால் ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு படி ஏறும். பின்சாய்கோடு போட்டு அழைத்தால் நகல்தான் போகும். எப்படி அழைப்பார்கள் என்று தெரியாத இடத்தில் ஃபங்ஷனுக்குள்ளேயே முதல் வேலையாக ‘டீப் காப்பி’ (முழு நகல்) எடுங்கள்.

கேள்வி: என் பிளகின் முதல் ஸ்டாஃபின் முதல் வாய்ஸை (ஒரே ஸ்டாஃபில் தனியாக ஓடும் வரி) மட்டுமே மாற்றுகிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கர்சரை ‘ரீவைண்ட்’ செய்த (தொடக்கத்துக்குக் கொண்டுபோன) பிறகு ஸ்டாஃப், வாய்ஸ் எண்களைக் கொடுங்கள். முன்பே கொடுத்தால் ரீவைண்ட் அவற்றை மாற்றிவிடக்கூடும். ஒரு ஸ்டாஃபுக்கு நான்கு வாய்ஸ்கள்; எல்லாவற்றையும் சுற்றி வர வேண்டும். கிரேஸ் நோட்டுகள் (சிறிதாக எழுதும் அலங்கார நோட்டுகள்) ‘கார்ட்’ (chord) என்ற பொருளுக்குள் தனிப் பட்டியலில் இருக்கின்றன, அதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அந்தர காந்தாரத்தைச் சற்று இறக்கி ஒலிக்கவைக்க, மிடி எண்ணில் தசமம் சேர்க்கலாமா?
– வீணைக் கலைஞர், தஞ்சாவூர்

பதில்: கூடாது, அந்த இடம் முழு எண்ணுக்கானது. மியூஸ்ஸ்கோரில் ஒவ்வொரு நோட்டுக்கும் ‘ட்யூனிங்’ என்ற பண்பு தனியே உண்டு. அலகு சென்ட், 100 சென்ட் ஓர் அரைச் சுரம். 5/4 விகிதக் காந்தாரம் 386.3 சென்ட், கீபோர்டில் 400, எனவே -13.7. பஞ்சமம் (3/2) +1.96, சுத்த மத்யமம் (4/3) -1.96. இவற்றை டிபிசியோடு இரண்டாம் பத்தியாகச் சேமியுங்கள். கட்டை மாறினாலும் சென்ட் மாறாது, ஏனெனில் அது ஷட்ஜத்திலிருந்து எண்ணும் சுரத்துக்கு உரியது. ஆனால் நின்று ஒலிக்கும் சுரத்துக்கு மட்டுமே இது உதவும். அசைந்து ஒலிக்கும் தோடியின் காந்தாரத்தை ஒரு சென்ட் எண்ணில் அடைக்க முயலாதீர்கள்.