பெரிய கல்லுக்கு அடர்த்தி கூடவா?

கேள்வி: திணிவைக் கனவளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும் என்று என் மாணவர்கள் பிழையின்றி எழுதுகின்றனர். ஆயினும், பெரிய கல்லுக்குத்தானே அடர்த்தி கூட என்று கேட்கின்றனர். ஆய்வுகூட வசதி குறைந்த பாடசாலையில் இதை எவ்வாறு விளங்கவைக்கலாம்?
– விஞ்ஞான ஆசிரியை ஒருவர், திருக்கோவில்

பதில்: மிதத்தலையும் அமிழ்தலையும் கொண்டு இப்பாடத்தைத் தொடங்குவதை நான் விரும்புவதில்லை. பாரமானது தாழும் என்று ஏற்கெனவே நம்பும் பிள்ளை, இரும்பாணி தாழ்வதைக் கண்டதும் அந்த நம்பிக்கையை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். ஒரே கருங்கல்லை உடைத்துப் பெற்ற சிறிதும் பெரிதுமான துண்டுகளை முதலில் கொடுங்கள். கடைத் தராசில் அவற்றை நிறுத்து, மில்லிலீற்றர் கோடுகளுள்ள குழந்தைப் பால்போத்தலில் நீர் ஊற்றி, துண்டை நூலில் கட்டி இறக்கி, நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று அவர்களே பார்க்கட்டும். 27 கிராம் துண்டு ஏறத்தாழ 10 மில்லிலீற்றரும், 81 கிராம் துண்டு ஏறத்தாழ 30 மில்லிலீற்றரும் உயர்த்தும். வகுத்தால் இரண்டிற்கும் 2.7 அளவிலேயே விடை வரும். செங்கல் துண்டு வேண்டாம்; அது நீரை உறிஞ்சிக் கணக்கைக் குழப்பிவிடும். அலுமினியத்தின் அடர்த்தியும் 2.7தான் என்பதைச் சொல்லி, அப்படியானால் கல்லும் அலுமினியமும் ஒன்றா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் எழும்.

அடுத்து திரவங்கள். தேங்காயெண்ணெய் நீரைவிட மெல்ல ஓடுவதால் அதற்கே அடர்த்தி கூட என்று பலர் எண்ணுவர். அதன் அடர்த்தியோ ஏறத்தாழ 0.92. தேனும் மெல்லத்தான் ஓடுகிறது, ஆனால் அதன் அடர்த்தி 1.4 வரை வரும். ஓடும் வேகத்துக்கும் அடர்த்திக்கும் தொடர்பில்லை என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் காட்டிவிடலாம்.

உங்களுக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே போத்தலில், ஒரே மட்டத்துக்கு, முதலில் கிணற்று நீரையும் பின்னர் கடல்நீரையும் நிரப்பி நிறுக்கச் சொல்லுங்கள். ஒரு லீற்றருக்குக் கடல்நீர் ஏறத்தாழ 25 கிராம் கூடுதலாக நிற்கும். சிறிய போத்தலானால் இவ்வேறுபாடு தராசின் பிழைக்குள் மறைந்துபோகும். மாரி மழைக்குப் பின்னர் மட்டக்களப்பு வாவி நீரையும் இவ்வாறே நிறுத்தால், ஆற்றுநீர் கலந்து உவர்ப்புக் குறைந்திருப்பது தெரியும்.

மிதத்தலுக்கு இப்போது வரலாம். கோழிமுட்டை மிதக்கும்வரை நீரில் உப்பைக் கரைத்து, அதில் விதைநெல்லைக் கொட்டி, மேலே வரும் பதரை அகற்றும் முறையை வயல்காரர் வீட்டுப் பிள்ளைகளே விளக்கக்கூடும். வெறும் நீரில் தாழும் அரைகுறை மணிகள் உப்புநீரில் ஏன் மிதக்கின்றன என்று அவர்களிடமே கேளுங்கள். அந்த நெல்லை விதைப்பதாயின் நல்ல நீரில் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.