தம்பிக்குப் பிணை நிற்கலாமா?

கேள்வி: நான் கோண்டாவிலில் இருக்கிறேன். 26 வயதுத் தம்பி மோட்டார் சைக்கிள் திருட்டு வழக்கில் யாழ்ப்பாணச் சிறைச்சாலையில் விளக்கமறியலில் இருக்கிறான். 50 ஆயிரம் ரூபா காசுப் பிணையிலும், தலா 2 இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு ஆட்பிணையிலும் விட நீதவான் உத்தரவு போட்டுவிட்டார். பிணை நிற்கத்தான் ஆளில்லை. போன வருடம் ஒரு அடிதடி வழக்கில் அம்மா பிணை நின்றார். அவன் தவணைக்குப் போகாமல் விட்டுவிட்டான். ஐஸ் போதைப்பொருள் பாவிக்கிறான் என்றும் கதை. வெளியில் வந்தால் என் வீட்டில்தான் நிற்பான். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் வேண்டாம் என்கிறார், அம்மா அழுகிறார். கையெழுத்து வைத்தால் என் சீதனக் காணி போய்விடுமா? வைக்காவிட்டால் அவன் வழக்குப் பாதிக்குமா?

பதில்: அன்பின் சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். அடிதடி வழக்கில் தவணைக்குப் போகாதவருக்கு நீதிமன்றம் வழமையாகப் பிடியாணை பிறப்பிக்கும். அது இன்னும் உயிரோடு இருந்தால், திருட்டு வழக்கில் நீங்கள் காசு கட்டி, பிணைமுறியிலும் (பிணைப் பத்திரத்திலும்) கையெழுத்து வைத்த பிறகுகூட தம்பி வீட்டுக்கு வரமாட்டார். பழைய வழக்கில் முற்படுத்தி, அங்கேயே திரும்பவும் விளக்கமறியலில் வைக்கலாம். உங்கள் 50 ஆயிரம் ரூபா நீதிமன்றத்தில் கிடக்கும், ஆள் சிறையில் கிடப்பார். ஆகவே அம்மாவிடம் பழைய வழக்கு இலக்கத்தை வாங்கி, ஒரு சட்டத்தரணி மூலம் அந்த வழக்கேட்டைப் பார்ப்பியுங்கள். பிடியாணை இருந்தால் அதை மீளப்பெற நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் எழுத்துமூல விண்ணப்பம்) போட்ட பிறகுதான் மற்றதை யோசிக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

சரி, காணிக்கு வருவோம். ஆட்பிணைக்கு முன்பணம் எதுவும் கட்டத் தேவையில்லை. கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொண்டு போக வேண்டியிருக்கும். சில நீதிமன்றங்களில் அந்தச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் கையொப்பமும் கேட்பார்கள். பிணைமுறியில் நீங்கள் கொடுப்பது ஒரேயொரு வாக்கு: "இவர் தவணைகளுக்கு வருவார், வராவிட்டால் 2 இலட்சத்துக்கு நான் பொறுப்பு." தம்பி நல்லவர் என்றோ குற்றம் செய்யவில்லை என்றோ நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் வராமல் விட்டால் நீதிமன்றம் உங்களை அழைத்துக் காரணம் கேட்கும். காரணம் திருப்தியில்லை என்றால் அந்தத் தொகையைத் தண்டப்பணம் போல அறவிடலாம், கட்டாமல் விட்டால் மறியலுக்கும் போக நேரலாம். காணி உறுதியை யாரும் உடனே பறிக்க மாட்டார்கள். ஆனால் 2 இலட்சத்தை நீங்கள் எங்கே புரட்டுவீர்கள்? காணியை ஈடுவைத்துத்தானே? அதனால் உங்கள் பயத்தை வீண்பயம் என்று என்னால் சொல்ல முடியாது.

கையெழுத்து வைக்காமல் விடுவது குற்றமில்லை. "அக்காவே நம்பவில்லை" என்று நீதவான் அவரைக் குற்றவாளியாகத் தீர்மானிக்கவும் மாட்டார். வழக்குச் சாட்சியத்தில்தான் நடக்கும். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. ஆளில்லாமல் உள்ளே கிடப்பவருக்காக நிபந்தனையைத் தளர்த்தும்படி அவருடைய சட்டத்தரணி கேட்கலாம். காசுப் பிணையைக் குறைப்பதுண்டு, இரண்டு பிணையாளியை ஒன்றாக்குவதுமுண்டு. அதற்கு உங்கள் கையெழுத்துத் தேவையில்லை.

என்னைக் கேட்டால், இந்தக் கிழமை கையெழுத்து வைக்காதீர்கள். பண்ணையில் இருக்கும் சிறைச்சாலைக்குப் போய்த் தம்பியை நேரில் பாருங்கள். திருடினாயா என்று அங்கே கேட்க வேண்டாம், அதற்குச் சட்டத்தரணி இருக்கிறார். ஐஸ் பாவனையைப் பற்றியும், வெளியில் வந்தால் எங்கே நிற்பார் என்பதைப் பற்றியும் கேளுங்கள். விருப்பத்தோடு சிகிச்சைக்குப் போக 2007ஆம் ஆண்டின் போதைப்பொருளில் தங்கியிருப்போர் சிகிச்சை, புனர்வாழ்வுச் சட்டத்தில் வழியுண்டு. "போகிறேன்" என்று சொல்லி, உங்கள் வீட்டில் அல்லாமல் மாமா, சித்தப்பா யாராவது ஒரு ஆம்பிளையின் வீட்டில் நிற்கச் சம்மதித்தால், அந்த உறவினரை மற்றப் பிணையாளியாக வைத்து நீங்களும் கையெழுத்து வைக்கலாம். அந்த விலாசத்தையே நீதிமன்றத்துக்கும் கொடுங்கள். "முதலில் எடுங்கோ, பிறகு பாப்பம்" என்றால் எடுக்க வேண்டாம். பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், பாவனையை விடாத ஒருவரை வைத்திருக்கச் சொல்லி எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் கணவர் சொல்வதை நான் கல்நெஞ்சு என்று எடுக்கவில்லை.

கையெழுத்து வைத்த பிறகு ஆள் கைமீறிப் போனால், பிணையிலிருந்து என்னை விடுவியுங்கள் என்று நீங்களே நீதிமன்றத்தைக் கேட்கலாம். தவணை தவறுவதற்கு முன் கேட்க வேண்டும், பிறகு கேட்டுப் பலனில்லை. நீதிமன்ற வாசலில் காசுக்குப் பிணை நிற்க ஆள் பிடித்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் பேச்சே வேண்டாம், போலிச் சான்றிதழோடு பிடிபட்டால் நீங்களும் மாட்டுவீர்கள். காசுப் பிணை கட்டினால் பற்றுச்சீட்டை உங்கள் பெயரில் வாங்குங்கள். தம்பி ஒழுங்காகத் தவணைக்குப் போனால், வழக்கு முடிந்ததும் அந்தக் காசைத் திருப்பி எடுக்க அந்தத் துண்டுதான் வேண்டும்.

அம்மாவை இந்த வழக்குக்கும் பிணையாளியாகக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அடிதடி வழக்கில் அவருடைய முறி இன்னும் முடியாமல் இருக்கலாம். அதற்கு அழைப்பு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வந்திருந்தால் அந்தத் திகதிக்கு அவர் கட்டாயம் போக வேண்டும்.