எபிஸ்கோபல் சபையில் குரு அல்லாதவர் திருவிருந்துக் கிண்ணம் கொடுப்பது ஏன்?

அமெரிக்க எபிஸ்கோபல் சபை (ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த கிறிஸ்தவ சபை) ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர், மன்றாட்டை நடத்துபவர், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் திராட்சரசக் கிண்ணம் ஏந்துபவர் பெரும்பாலும் குருப்பட்டம் பெறாத சபையார்தான். இவர்களே பொதுநிலைப் பணியாளர்கள். காரணம் ஞானஸ்நானம்: அதைப் பெற்ற எல்லாருக்கும் ஊழியத்தில் பங்குண்டு. இந்தச் சபையின் 1979 ஜெபப் புத்தகம் திருச்சபையின் ஊழியர்களைச் சொல்லும்போது பேராயருக்கும் முன்னால் பொதுநிலையினரைத்தான் வைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வரிசை அது.

கல்யாணத்தில் சடங்கை ஒருவர் நடத்தினாலும் பந்தி பரிமாற உறவுக்காரர்கள் இறங்குவார்களே, அப்படித்தான். திருவிருந்தில் ஒருவர் பருகியதும் கிண்ணம் ஏந்துபவர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, கிண்ணத்தைச் சற்றே திருப்பி அடுத்தவரிடம் நீட்டுவார். இப்படிக் கிண்ணம் ஏந்தப் பேராயரின் அனுமதி வேண்டும்.

கிண்ணம் ஏந்துபவரைப் பாதிக் குரு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல: அப்பத்தையும் திராட்சரசத்தையும் பரிசுத்தப்படுத்தும் ஜெபமும் பாவமன்னிப்பு வழங்குவதும் குருவுக்கும் பேராயருக்கும் மட்டுமே உரியவை.