வேலன் வேடத்துக்கு வேறு ஆள் இல்லையா?

கேள்வி: தேவிபட்டினம் பக்கம் கடலோர ஊர் எங்களுடையது. திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் வைப்போம். அதில் வேலன் வேடம் கட்டும் ஒரு ராஜபார்ட்டின் குரலுக்குச் சிறு வயதிலிருந்தே நான் அடிமை. வலை போட்டுக் காத்திருக்கும் இரவுகளில் கைபேசியில் அவர் பாட்டுதான். போன வருடம் மேடைக்குப் பின்னால், வள்ளி வேடமிட்ட பெண்ணை அவர் அறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். விழாக் கமிட்டி இந்த வருடமும் அவரையே அழைக்கப் பார்க்கிறது. நானும் கமிட்டியில் இருக்கிறேன். இன்னும் அவர் பாட்டு பிடிக்கிறதே, தவறா?

பதில்: பிடிப்பதில் தவறில்லை, தம்பி. இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1606இல் ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடியவர். 1608இல் மால்டாவில் அவர் வரைந்த, ஏசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானின் தலையை வெட்டும் ஓவியம் இன்றும் அங்கே வாலெட்டா நகரத் தேவாலயத்தில் இருக்கிறது. யோவானின் கழுத்திலிருந்து தரையில் வழியும் ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். பார்ப்பவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். நிற்கட்டும், 1610இல் செத்துப்போனவர் இனி யார்மீதும் கை ஓங்கப்போவதில்லை.

உங்கள் ராஜபார்ட் உயிரோடு இருக்கிறார். நீங்கள் வைக்கும் தாம்பூலம்தான் அவரை மறுபடி அந்தப் பெண்ணுக்கு எதிரே நிறுத்தும். வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கத்தில் பாதி, மேடையிலேயே வாய்க்கு வருவது. அறை வாங்கியவர் அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து நடுநிசி தாண்டியும் பதில் சொல்ல வேண்டும். "கலைஞன் என்றால் கொஞ்சம் அப்படி இப்படித்தான்" என்று ஒரு பெரியவர் சொல்வார் (அவர் இல்லாத கமிட்டி உண்டா?). மீன் ஏலக்காரர் கூலிப் பெண்ணை அறைந்தாலும் இதையே சொல்வாரா என்று கேளுங்கள்.

நாடகம் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். வள்ளி திருமணம் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது, இவர் வீட்டுச் சொத்தல்ல. ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்களைத் தனித்தனியாகத்தானே பேசி அழைக்கிறீர்கள்? வேலனை மட்டும் மாற்றலாம்.

முதலில் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். விஷயம் வெளியே வந்தால் பிழைப்பு போவது பெரும்பாலும் அவருக்குத்தான். அவர் வேண்டாம் என்றால் அறைந்த கதையைக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். "இந்த வருடம் புதுக் குரல் கேட்போம்" என்று வேறொருவரை முன்மொழியுங்கள், போதும். அப்படியும் தோற்றுப்போனால் உங்கள் வீட்டுத் தலைக்கட்டு வரியைக் கொடுத்துவிடுங்கள். அவருக்குப் பொன்னாடை போர்த்த மட்டும் மேடை ஏறாதீர்கள்.